நாய்க்குட்டி வருவதற்கு முன்னால்

முன்னேற்பாட்டுக்காரர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. சென்சஸில் இவர்களைத் தனியாகக் காட்டுவதில்லை. காட்டினால் நாட்டுக்குக் கலக்கம் என்று சர்க்கார் நினைத்திருக்கலாம். அல்லது, கணக்கெடுக்க வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, 'கொஞ்சம் இருங்க, விவரமெல்லாம் எடுத்து வச்சிடறேன்' என்று உள்ளே போனவர் இன்னும் வெளியே வராமல் இருக்கலாம்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கும்பகோணம் போய் அன்றைக்கே திரும்புகிற பயணத்துக்கு ஒரு குடை எடுப்பார், குடைக்கு ஓர் உறை எடுப்பார், உறை நனைந்தால் துடைக்க ஒரு துண்டு, துண்டு நனைந்தால் போட்டுவைக்க ஒரு பை, பை கிழிந்தால் தைக்க ஊசியும் நூலும் எடுத்து, நூல் கறுப்பா வெள்ளையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பஸ் போய்விடும். பெண் கல்யாணத்தில் பெட்ரோமாக்ஸ் அணைந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி யோசித்து வைத்திருப்பார். தாலி வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

மூன்று வாக்கியங்களை வைத்து இவரை அடையாளம் காணலாம். ஒன்று, 'எதுக்கும் இருக்கட்டும்.' இரண்டு, 'முன்னாடியே யோசிக்கணும், சார்.' மூன்று, 'முதல்ல இது முடியட்டும்.' முதல் இரண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவதை அவர் தனக்குச் சொல்லிக்கொள்வதில்லை. எதிரில் நிற்கிறவரிடம்தான் சொல்வார்.

நான் இருபத்திரண்டு வருஷம் வெண்ணாற்றங்கரை ஊர்களில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவன். பலவிதமான முன்னேற்பாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முகவரி எழுதுவதற்கு முன் கோடு போடுகிறவர், மணியார்டர் வரும் என்று கையெழுத்துப் போட்டுப் பழகுகிறவர், எல்லாம். ஆனால் இனத்துக்கே முன்மாதிரியாகக் காட்டக்கூடியவர் ஒருவர்தான். சித்தனங்கோட்டகம் மிராசுதார் பஞ்சநதம். அவர் தன் வீட்டை ஒரு நாய்க்குட்டிக்காகத் தயார் செய்த கதையைச் சொன்னால் உங்களுக்கு இனம் முழுவதும் விளங்கிவிடும்.

அவர் சாமானியப்பட்டவர் இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் சட்டசபைக்கு வரும் முன்பே அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. இவ்வளவு ஏக்கருக்கு மேல் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்வதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே மகன் பெயரில் ஒரு பங்கு, மகள் பெயரில் ஒரு பங்கு, ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத ஒன்றுவிட்ட அண்ணன் பெயரில் ஒரு பங்கு, கோயில் பெயரில் ஒரு பங்கு, பிறக்கப்போகிற பேரன் பெயரில் ஒரு பங்கு என்று எழுதி முடித்துவிட்டார். பேரன் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்கு வாய்க்கால் பாசனத்தில் ஆறு ஏக்கர் இருந்தது. பஞ்சநதத்தின் பெயரில் மிஞ்சியது வீடும் கொல்லையும் மூக்குக் கண்ணாடியும்தான். தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊரில் அப்போது ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி. கூலி நெல் இன்னும் ஒரு படி கூட்டு என்று அறுவடைக்கு அறுவடை தகராறு. பண்ணை ஆட்கள் 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தி 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பஞ்சநதம் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். அடுத்து 'சார்' என்று கூப்பிட்டால் எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று யோசித்து வைத்திருப்பதாக என்னிடமே சொன்னார்.

எழுபதாம் வருஷம் சித்திரையில் அவர் மைத்துனர் நீலமேகம் பெங்களூரிலிருந்து லீவில் வந்தார். மகன் மெட்ராஸில், மகள் திருச்சியில். வீட்டில் பஞ்சநதமும் அவர் மனைவி பிரகதாம்பாளும் மட்டும். மூன்று கட்டு வீடு. பிரகதாம்பாள் தம்பியிடம் சொன்னார்:

"பேச்சுக்கு ஆள் இல்லைடா. இவர் பேசினா லிஸ்ட்தான் வருது. ஒரு நாய்க்குட்டி இருந்தா அனுப்பு. சின்னதா."

நீலமேகத்தின் வீட்டில் அப்போதுதான் பொமரேனியன் குட்டிகள் பிறந்திருந்தன. வெள்ளையாக, உள்ளங்கை அளவில். அடுத்த மாதமே ஒன்றைக் கூடையில் வைத்து அனுப்புவதாகச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சநதம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஊருக்குச் செலவு என்று அர்த்தம்.

"அனுப்பலாம். ஆனா முதல்ல வீடு தயாராகணும். பெரிய நாய்னா கொல்லையிலே கட்டிப்போட்டுடலாம். இது சின்ன நாய். சின்ன நாய்க்கு எல்லாமே ஆபத்து."

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அட்டையில் 'நாய்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் தமிழ் மாதம், தேதி, நடந்தது, நடக்க வேண்டியது, அடியில் கையெழுத்து. ஒரு நாள் விடமாட்டார். இந்த நோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இது பேசப் போகிறது.

கிணற்றுக் கைப்பிடிச் சுவரை ஒரு அடி உயர்த்தினார். வாசல் கேட்டில் கம்பிக்குக் கம்பி உள்ள இடைவெளியைத் தேங்காயை விட்டு அளந்தார். தேங்காய் போனால் குட்டியும் போகும். தேங்காய் போயிற்று. கேட்டுக்கு வலை அடித்தார். கூத்தாநல்லூரில் சிங்கப்பூர் சாமான் கொண்டுவந்து விற்கும் அப்துல் ஜலீலிடம் சொல்லி நாய்க்குச் சீப்பு, நாய்க்குச் சோப்பு, மணி வைத்த கழுத்துப்பட்டை மூன்று அளவில் வரவழைத்தார். "குட்டி எப்ப வருது?" என்று அப்துல் ஜலீல் கேட்டதற்கு, "அதுக்கென்ன அவசரம்?" என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் வீரையனைச் சொல்ல வேண்டும்.

வீரையன் அந்தப் பண்ணையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை செய்தவர். பண்ணை நிலத்தில், வாய்க்கால் ஓரமாக, அவர் குடிசை. போன வருஷக் காற்றில் கூரை பாதி போய்விட்டது. மீதிப் பாதி போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி அம்சம் கர்ப்பமாக இருந்தார். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டும் ஐப்பசி, கார்த்திகையில் பிறந்து ஈரத்தில் காய்ச்சல் கண்டு போனவை. இதுவும் ஐப்பசிக் கணக்குத்தான். ஆகவே வீரையனுக்கு வேண்டியிருந்தது ஐப்பசிக்கு முன்னால் முக்கால் வண்டி கீற்றும் பத்து மூங்கிலும். கொல்லையில் தென்னை இருந்தது, மூங்கில் குத்து இருந்தது. வேண்டியது 'எடுத்துக்க' என்ற ஒரு சொல்.

வைகாசியில் கேட்டார்.

"பாக்கலாம்டா. முதல்ல நாய் வேலை முடியட்டும்."

ஆனியில் கேட்டார்.

"அதான் சொன்னேனே. முதல்ல இது முடியட்டும்."

ஆடியில் வீரையன் கேட்பதற்கு முன் பஞ்சநதமே கூப்பிட்டுவிட்டார். "வா, வா. உன்னாலதான் ஒரு காரியம் ஆகணும்" என்றார். ஆடி பதினெட்டுக்கு மறுநாள். நான் ரிஜிஸ்தர் தபால் ஒன்று கொடுக்கப் போயிருந்தேன். அதனால் கண்ணால் பார்த்தேன்.

காரியம் இதுதான். குட்டி ஒன்றரை அடி உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கும். நாம் ஐந்து அடியிலிருந்து பார்க்கிறோம். நமக்குத் தெரியாத ஆபத்து அதற்குத் தெரியும். ஆகவே யாராவது ஓர் ஆள் நான்கு காலில் தவழ்ந்து வீடு முழுவதும் போய், குட்டி எதைக் கடிக்கும், எதில் மாட்டிக்கொள்ளும், எங்கே விழும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சநதத்துக்கு முழங்கால் வலி. பிரகதாம்பாளைச் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தார், நான் தபால் பையைக் காட்டினேன்.

இருபத்தெட்டு வருஷத்தில் வீரையன் அந்த வீட்டின் கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி அது இருந்தது. அன்றைக்கு வந்தார், நான்கு காலில். இரண்டு காலில் வந்தால் தீட்டு. நான்கு காலில் வந்தால் ஏற்பாடு.

கூடத்தைச் சுற்றினார். ஊஞ்சலுக்கு அடியில் போனார். பூஜை அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்; "அது வேணாம், அங்கே நாய் போகாது" என்றார் பஞ்சநதம். பத்தாயத்துக்குப் பின்னால் போய்ச் சிலந்திவலையோடு வெளியே வந்தார். பஞ்சநதம் நோட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்தார்.

"சொல்லு. என்ன பாத்தே?"

"பத்தாயத்துக்குப் பின்னாடி எலி மருந்து இருக்குங்க."

"எழுதிக்கிட்டேன். அப்புறம்?"

"கட்டிலுக்கு அடியில உங்க பழைய செருப்பு கெடக்குங்க. நாய் கடிக்கும்."

"கடிக்கும். அப்புறம்?"

"தரை வழுக்குதுங்க. மேல பாத்தேங்க. அம்மாம் பெரிய கூரையில ஓடு ஒண்ணு விலகலைங்க. ஒரு சொட்டு எறங்காது."

"மேல எதுக்குடா பாக்கறே? நாய் மேல பாக்காது."

வீரையன் தலையைக் குனிந்துகொண்டு மீதி இரண்டு கட்டையும் முடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீரையன் போன பிறகு தரையைக் கழுவச் சொல்லலாமா என்று பஞ்சநதம் கேட்டாராம். "நாய் வந்துட்டுப் போனா கழுவுவீங்களா?" என்று பிரகதாம்பாள் கேட்டாராம். அது பற்றி நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

சோதனையின் முடிவு என்ன? வீட்டுக்குள் ஆபத்து அதிகம். ஆகவே குட்டிக்குக் கொல்லையில் தனி வீடு கட்ட வேண்டும். கொத்தனார் உத்திராபதி வரவழைக்கப்பட்டார். அவர் எதையும் மறுத்துப் பேசாதவர். மறுத்துப் பேசாத கொத்தனாரும் முன்னேற்பாட்டுக்காரரும் சேர்ந்தால் தாஜ் மகாலே எழும்பிவிடும்.

"நாலடிக்கு மூணடி போதும், உத்திராபதி."

"போதுங்க."

"ஆனா குட்டி பெரிசாயிடுமே?"

"ஆயிடுங்க."

"பெரிசானா அது குட்டி போடுமே?"

"போடுங்க."

"கூட்டறதுக்கு ஒரு ஆள் உள்ளே போகணுமே, குனிஞ்சுக்கிட்டே கூட்ட முடியுமா?"

"இடுப்பு புடிச்சுக்குங்க."

நாலுக்கு மூன்று, பத்துக்கு எட்டு ஆயிற்று. கூட்டுகிற ஆளுக்காக வாசல் ஐந்தேகால் அடி. வெண்ணாறு பெருகினால் தண்ணீர் வரும் என்று இரண்டடி உயரக் கடைக்கால். காற்றுக்குக் கிழக்கே ஒரு ஜன்னல். செங்கல் சுவர், சிமெண்ட் தரை, மங்களூர் ஓடு. விளக்கு வைக்க ஒரு மாடம். நாய்க்கு எதற்கு விளக்கு என்று நான் கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும், சார்" என்றார். ஊரில் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் குடிசைக்குப் போனார்கள். சித்தாள் வேலை முழுவதும் வீரையன்தான். ஒவ்வொரு செங்கல்லும் அவர் தலையில் ஏறி இறங்கியது.

ஆவணியில் கீற்று கேட்டார். முதல்ல ஓடு மாட்டட்டும். புரட்டாசியில் கேட்டார். முதல்ல சுண்ணாம்பு அடிக்கட்டும். அம்சம் அதற்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தார். ஒரு நாள் வீரையன் போஸ்ட் ஆபீஸுக்கும் வந்தார். என்னிடம் ஒன்று கேட்டார். நானும் பதில் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்தது. நாய் வீடு முடிந்தது. நீலமேகத்துக்குக் கார்டு எழுதியாயிற்று. போஸ்ட் கார்டு என்பது மூன்று பேர் படிப்பதற்காக எழுதப்படுவது. எழுதியவர், பெறுபவர், போஸ்ட் மாஸ்டர். 'வீடு முடிந்தது. ஆனால் சுவரில் ஈரம் இருக்கிறது. குட்டிக்கு ஜலதோஷம் பிடிக்கும். காய்ந்ததும் எழுதுகிறேன்.'

ஐப்பசியில் எங்கே காய்வது? புது வீடு காய வேண்டுமென்றால் உள்ளே அடுப்பு எரிய வேண்டும், ஆள் படுத்து எழ வேண்டும். எங்கள் பக்கத்தில் புதுக் கட்டடத்தைச் சும்மா பூட்டிப்போட மாட்டார்கள். தவிர, ஓடு ஒழுகுகிறதா என்று ஒரு மழைக்காவது உள்ளே இருந்து பார்க்க வேண்டாமா? முன்னாடியே யோசிக்கணும், சார்.

"வீரையா, ஒரு மழைக்கு இதுல படுத்துப் பாரு. உன் பெண்சாதியையும் கூட்டிக்கிட்டு வா, அடுப்பெரிக்கட்டும். எங்கே ஒழுகுது, எங்கே காத்து அடிக்குதுன்னு எனக்குச் சொல்லணும்."

"சரிங்க" என்றார் வீரையன். அவர் அதிகம் பேசமாட்டார்.

மூன்றாம் நாள் புயல் மழை. வாய்க்கால் ஓரக் குடிசையில் மீதி இருந்த கூரை ஒரே பறப்பில் ஆற்றுக்குப் போயிற்று. சுவர் சேறாகக் கரைந்தது. உள்ளே யாரும் இல்லை. அவர்கள் நாய் வீட்டில் மழைச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் பஞ்சநதம் குடையும் நோட்டுமாகக் கொல்லைக்குப் போனார்.

"ஒழுகுதா?"

"இல்லைங்க" என்று உள்ளேயிருந்து அம்சத்தின் குரல் மெலிதாக வந்தது.

"ஜன்னல் வழியா சாரல்?"

"இல்லைங்க."

"அது என்ன சத்தம்?"

வீரையன் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் பல். "பொம்பளைப் புள்ளைங்க. காலையில பொறந்துச்சு. நல்லா இருக்குங்க. சூடா இருக்குங்க உள்ள."

பஞ்சநதம் நின்ற இடத்திலேயே நோட்டை விரித்தார். இதை அவர் கையெழுத்திலேயே பிறகு படித்தேன், ஆகவே வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: 'ஐப்பசி 14. கனமழை. ஒழுகல் இல்லை. உள்ளே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் சத்தம் வெளியே கேட்கிறது. கதவுக்கு ரப்பர் வைக்க வேண்டும்.' கீழே கையெழுத்து.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராயிருந்தால் அன்றைக்கே வெளியே போகச் சொல்லியிருப்பார். சோதனை முடியவில்லை, அவ்வளவுதான். மழைக்குப் பின் பனி இருக்கிறதே? 'மார்கழி 3. பனிச் சோதனை தொடக்கம். வீரையன் குடும்பத்தோடு உள்ளே இருக்கிறான்.' தையில் அறுவடை. கூலி கேட்டு விவசாயச் சங்கத்தார் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தச் சத்தத்துக்குக் குட்டி மிரளும் என்று கார்டு போயிற்று. மாசியில் தேர்தல்; மூலைக்கு மூலை ஒலிபெருக்கி; சின்ன நாய்க்குக் காது மென்மை என்று இன்னொரு கார்டு. பங்குனியில் நீலமேகத்திடமிருந்து பதில் வந்தது: 'அத்தானுக்கு நமஸ்காரம். குட்டி இப்போது குட்டி இல்லை. நேற்று அதுவே மூன்று குட்டி போட்டது. அதில் ஒன்றை உங்களுக்கு வைத்திருக்கிறேன்.' பஞ்சநதம் படித்துவிட்டு என்னிடம், "நல்லதாப் போச்சு, சார். அவகாசம் கிடைச்சுது" என்றார். சித்திரையில் வெயில் சோதனை ஆரம்பமாயிற்று.

அந்தக் குழந்தை மழைக்குப் பிழைத்தது. பனிக்குப் பிழைத்தது. வெயிலில் ஓட்டுக்கு அடியில் சிமெண்ட் தரையில் குளிர்ச்சியாகப் புரண்டு படுத்தது. வைகாசியில் தவழ ஆரம்பித்தது. அம்சம் மாடத்தில் தினம் விளக்கு ஏற்றினார்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. பண்ணை வேலை செய்கிறவர் எந்த மனையில் குடியிருக்கிறாரோ அந்த மனை அவருக்கே சொந்தம் என்று குடியிருப்புச் சட்டம். ஆனி ஐந்தாம் தேதி யார் எங்கே குடியிருந்தார் என்பதுதான் கேள்வி. பஞ்சநதம் இதற்கும் தயாராகத்தான் இருந்தார். வாய்க்கால் ஓரக் குடிசை ஆற்றோடு போனது போனதுதான், அந்த மனையில் யாரும் இல்லை, கவலை இல்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த அன்று வடையும் காப்பியும் தயாராக இருந்தன. குட்டி வரப்போவது உண்மை என்பதற்குத் தபால் சாட்சியாக என்னையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வடையைத் தொடவில்லை. நேரே கொல்லைக்குப் போனார். ஓட்டு வீட்டைப் பார்த்தார். வாசலில் கோலம். கொடியில் சின்னத் துணிகள். உள்ளே தூளி.

"இது யார் வீடு?"

"நாய் வீடுங்க" என்றார் பஞ்சநதம்.

"நாய் எங்கே?"

"வரணும்."

இன்ஸ்பெக்டர் வீரையன் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை நாளா இங்கே இருக்கீங்க?"

"ஐயா ஒரு மழைக்குப் படுத்துப் பாருன்னாங்க. படுத்துப் பாத்துக்கிட்டிருக்கேங்க. இன்னும் முடிஞ்சுச்சுன்னு சொல்லலைங்க."

"எந்த மாசத்திலேருந்து?"

"ஐப்பசி மாசங்க. தேதி எனக்குத் தெரியாதுங்க. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி."

"தேதி இல்லாம எப்படி? ஆதாரம் ஏதாவது இருக்கா?"

வீரையன் தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்சம் கதவு நிலையைப் பிடித்திருந்தார். ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டால் மறுபடியும் வாய்க்கால் ஓரம், மறுபடியும் ஐப்பசி. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் பஞ்சநதம் முந்திக்கொண்டார். ஆதாரம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. அந்த இனத்தின் ரத்தமே அப்படி.

"ஆதாரம் எங்கிட்ட இருக்குங்க. இது நாய் வீடுதான்கறதுக்கு ஆரம்பத்திலேருந்து எழுதி வச்சிருக்கேன். ஒரு நாள் விடலை. முன்னாடியே யோசிக்கணும், சார்!"

உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்து தன் கையாலேயே கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தார். புரட்டினார். நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். ஐப்பசி பத்து, வீரையன் குடும்பத்தோடு உள்ளே வந்தான். ஐப்பசி பதினாலு, உள்ளே பெண் குழந்தை பிறந்தது. மார்கழி மூன்று, குடும்பத்தோடு இருக்கிறான். மாசி. பங்குனி. சித்திரை. ஆனி ஐந்து: 'வெயில் சோதனை. ஓடு சூடாகவில்லை. வீரையன், மனைவி, குழந்தை உள்ளே. குழந்தை தவழ்கிறது.' ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்து. தேதி.

"இந்தக் கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான்" என்றார் பஞ்சநதம் பெருமையாக. சொன்ன பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை வெகு நேரம் துடைத்தார்.

"இதைவிட நல்ல ஆதாரம் நான் சர்வீஸிலேயே பார்த்ததில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு வடை சாப்பிட்டார்.

சித்தனங்கோட்டகத்தில் மங்களூர் ஓடும் சிமெண்ட் தரையும் கிழக்கு ஜன்னலும் உள்ள பண்ணையாள் வீடு அந்தக் காலத்தில் அது ஒன்றுதான். கட்டியவர் பஞ்சநதம். செங்கல் சுமந்தவர் வீரையன். கூட்டுகிற ஆளுக்காக வைத்த ஐந்தேகால் அடி வாசலில் அவர் குனியாமல் நுழைந்தார்.

நாய்க்குட்டி என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். அந்த வாரமே பிரகதாம்பாள் போஸ்ட் ஆபீஸுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. ஒரு கார்டு வாங்கினார். நின்றுகொண்டே எழுதினார்: 'தம்பிக்கு. வீடு தயார். குட்டியை அனுப்பு.'

"வீடு தயாராங்க?" என்று கேட்டேன்.

"கதவு இருக்கு. நான் இருக்கேன். வேறென்ன சார் வேணும் அதுக்கு?"

ஆவணியில் நீடாமங்கலம் ஸ்டேஷனில் கூடை வந்து இறங்கியது. அதற்கென்று வாங்கிய சீப்பையும் சோப்பையும் அது மோந்துகூடப் பார்க்கவில்லை. பிரகதாம்பாளின் பழைய புடவை ஒன்றின் மேல் படுத்துத் தூங்கியது. எழுந்து, கொல்லைப் பக்கம் போய், இரண்டடிக் கடைக்காலைப் படிப்படியாக ஏறி, வீரையன் வீட்டுக்குள் போயிற்று. அங்கே அம்சத்தின் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒன்றரை அடி உயரத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆபத்து ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு தினமும் பிரகதாம்பாள் குட்டியைத் தேடிக்கொண்டு அங்கே போவார். போனால் ஒரு மணி நேரம் அம்சத்தோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார்.

பஞ்சநதம்? அவர் மனம் தளரவில்லை. மறுபடி ஒரு நாற்பது பக்க நோட்டு. மறுபடி உத்திராபதி. கொல்லையின் மறு மூலையில் இன்னொரு நாய் வீடு.

"இந்தத் தடவை வாசல் ஒன்றரை அடிதான், சார். ஆள் நுழைய முடியாது. முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

அது கட்டி முடிந்தது. அதில் நாயும் நுழையவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் ரொம்ப நாள் சிரித்தேன். ரிடையராகிற அன்று மேஜை டிராயரைக் காலி செய்தபோது அடியில் ஒரு தாள் அகப்பட்டது. 'பெறுநர்: தாசில்தார் அவர்கள்' என்பதோடு நின்றுபோன மனு. புரட்டாசியில் வீரையன் வந்து, "கூரைக்குக் கீத்து வேணும்னு சர்க்காருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார், அவளுக்கு நாள் நெருங்குது" என்று கேட்டார் என்றேனே, இல்லை, சொல்லவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்றேன். நான் சொன்ன பதில் இதுதான்: "எழுதிடலாம் வீரையா. முதல்ல ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்."

இன்ஸ்பெக்‌ஷனில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. எல்லாம் முன்கூட்டியே அடுக்கித் தயாராக இருந்ததாம்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கொல்லைப்பக்கம் யாராவது எதையாவது கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்களா என்று எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். 'இந்தப் பக்கம் முதல்ல முடியட்டும்' என்று நினைத்து இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாம் ஒரே இனம்.